தூறாத வெள்ளை மேகம்

மலையடிவாரக் குட்டை ஒன்றில் நீலி என்ற தவளை இருந்தாள். அவளுடைய தலைப்பிரட்டைகளுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. குட்டையோ நாளுக்கு நாள் சுருங்கியது. கால் முளைப்பதற்குள் தண்ணீர் வற்றினால் ஒன்றுகூடப் பிழைக்காது.

போன வருஷத்து மழை நீலியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. என்ன மழை அது! ஒவ்வொரு சொட்டும் நாவல் பழம் போல விழுந்தது. காடே பாடிய நாட்கள் அவை. மழைக்கு முதல் நாள் இடி விழுந்து ஒரு வேங்கை மரம் புகைந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. புகைதான் மழையைக் கூட்டி வந்தது என்று முடிவு கட்டிவிட்டாள்.

இந்த வருஷமும் இடி விழுந்து ஓர் அடிமரம் கனன்றுகொண்டிருந்தது. அதில் சருகு போடும்படி குரங்குகளைக் கேட்டாள். அவற்றுக்குச் சொல்லியா தர வேண்டும்! வாரி வாரிப் போட்டன.

மேகம் வந்தது. வெள்ளை வெளேரென்று மலையை மூடி உட்கார்ந்தது. தூறல்கூட இல்லை. புகை போதவில்லை என்று நீலி இன்னும் போடச் சொன்னாள். ஐந்து நாளில் குட்டையில் ஒரு சாண் தண்ணீர்தான் மிஞ்சியது.

அப்போது மேகத்துக்குள் பறந்துவிட்டு உழவாரக் குருவி ஒன்று சிறகு நனைந்து இறங்கியது. அது வெறும் மேகமா என்று நீலி கேட்டாள்.

"வெறும் மேகமா? உள்ளே தண்ணி நெறைய இருக்கு. ஆனா ஒரு தூசியப் பிடிச்சுக்கிட்டாத்தான் ஒரு துளி உண்டாகும். போன வருஷம் தூசி கொஞ்சம். ஒவ்வொண்ணுக்கும் வயிறு நெறையத் தண்ணி கிடைச்சுது, கனத்து விழுந்துச்சு. இப்போ நீ புகையில கோடித் தூசிய அனுப்பிட்ட. இருக்குற தண்ணிய அதுங்க பங்கு போட்டதுல ஒண்ணுகூட விழுற அளவுக்கு வளரல."

"தூசியே இல்லாட்டி?"

"துளியே பிறக்காது. கொஞ்சம் வேணும். நீ கொட்டிட்ட."

நீலி கூனிக் குறுகிப்போனாள். நெருப்பை அணைத்தே ஆக வேண்டும். அங்கே இருந்ததோ அந்தக் குட்டைத் தண்ணீர் ஒன்றுதான். உதவிக்கு வந்த கொம்பன் யானை தயங்கியது. உறிஞ்சி எடுத்தால் சேறுதான் மிஞ்சும், பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்டது.

நீலி தன் பிள்ளைகளைக் குட்டை ஓரத்தில் யானையின் காலடித் தடம் ஒன்றில் தேங்கிய நீருக்குள் ஓட்டினாள்.

"எடுத்துக்கோ அண்ணே" என்றாள்.

யானை உறிஞ்சிப் பீய்ச்சியதில் நெருப்பு அணைந்தது. இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. தடத்து நீர் சூடேறியது. நீலி வெயிலை மறைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் காற்று புகையைத் துடைத்தது. புதிய மேகம் கறுத்தது. மழை கொட்டியது. மிஞ்சிய பிள்ளைகள் மிரண்டு சேற்றுக்குள் ஒளிந்தன. அவை மழையைக் கண்டதே இல்லை.

"பயப்படாதீங்க கண்ணுகளா, இதுதான் மழை" என்றாள் நீலி, அழுதுகொண்டே.

ஒருமுறை பலித்ததே என்று காரணம் தெரியாமல் அதையே மேலும் மேலும் செய்பவர், தாம் ஏங்கியதைத் தாமே தடுத்துவிடுவார்.