பாதியாகக் குறைந்த பருப்பு

செண்பகராமன் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எந்த நாட்டிலிருந்து எந்தச் சரக்கு எவ்வளவு வந்தது, போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று அட்டவணை போடுவதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற சில வருடங்களில், தூத்துக்குடி துறைமுகச் சாலையோரம் இருந்த ஒரு சிறிய மடத்தில் சீடராகச் சேர்ந்தார். மடத்தை நடத்திய கோமதி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். மதியம் பசித்து வந்த யாருக்கும் அங்கே சோறு உண்டு.

சீடரான பிறகும் அட்டவணைப் பழக்கம் அவரை விடவில்லை. ஒருநாள் காலை, துறைமுகத்தின் அந்த வருடத்து அறிக்கையைக் கையில் பிடித்தபடி அடுப்படிக்கே வந்துவிட்டார்.

“அம்மா, நல்ல சேதி. ஆப்பிரிக்காவுல கிழக்குக் கரை நாடு ஒண்ணுலேர்ந்து வர்ற துவரம்பருப்பு பத்து வருஷமா ஏறிக்கிட்டே இருந்துச்சு. இந்த வருஷம் பாதியாக் குறைஞ்சிடுச்சு. நம்ம கால்ல நாம நிக்க ஆரம்பிச்சிட்டோம். சாமிக்கு நன்றி சொல்லி ஒரு பாயசம் வைக்கணும்.”

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எதனால குறைஞ்சுது?”

“இங்க வெள்ளாமை கூடியிருக்கும்.”

“அப்படின்னு அதுல போட்டிருக்கா?”

செண்பகராமன் தாளைத் திருப்பிப் பார்த்தார். “எவ்வளவுன்னுதான் இருக்கும், அம்மா. ஏன்னு இருக்காது.”

“கேட்டுட்டு வாங்க.”

துறைமுக வாசலுக்கு எதிரே மாலுமிகள் தங்கும் விடுதி இருந்தது. பருப்பு வரும் அந்த ஆப்பிரிக்க நாட்டுக்காரர் யாராவது உண்டா என்று விசாரித்தார். செலெமானி என்பவரைக் காட்டினார்கள். கப்பலில் இயந்திரம் பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். ஆனாலும் பேச்சு ஓடியது.

“வெள்ளம்” என்றார் செலெமானி. “அறுப்புக்கு நாலு நாள் இருந்துச்சு. ஆறு உள்ளே வந்துடுச்சு. எங்க அம்மாவோட நிலமும் போச்சு. இப்போ ஒரு பள்ளிக்கூடத்துல படுத்திருக்காங்க.”

செண்பகராமன் அறிக்கையை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

“எட்டு வருஷத்துக்கு முன்னால உங்க நாட்டுல மழை இல்லைன்னாங்க” என்று தொடர்ந்தார் செலெமானி. “ துவரை நிறைய வேணும்னு ஆள் வந்துச்சு. சோளம் போட வச்சிருந்த நிலத்துலயும் அம்மா துவரையே போட்டாங்க.”

அந்த வருடம் செண்பகராமனுக்கு நன்றாக நினைவிருந்தது. மனைவி இறந்த வருடம். வீட்டில் அடுப்பு மூட்டத் தெரியாமல், முதன்முதலாக இந்த மடத்துக்குச் சாப்பிட வந்தார். ஊரே காய்ந்து கிடந்தபோதும் இங்கே ஒரு நாள்கூடச் சாம்பார் நிற்கவில்லை. அதே வருடத்து அட்டவணையில், பருப்பு வரத்து ஏறியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், ‘கவலை தரும் போக்கு’ என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.



“சாப்பிட்டீங்களா?” என்று செலெமானியிடம் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினார் செலெமானி.

இருவரும் மடத்துக்கு வந்தபோது பந்தி ஆரம்பித்திருந்தது. அடுப்படி வாசலில் நின்றே செண்பகராமன் எல்லாவற்றையும் சொன்னார். “பாயசம் வேண்டாம், அம்மா. எதுக்குச் சந்தோஷப்பட்டேன்னு நினைச்சாலே கூசுது.”

அம்மை செலெமானிக்கு இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றினார். பல நாள் கப்பல் ரொட்டி தின்ற வாய். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். காரத்தில் மூக்கு ஒழுக, தானே சிரித்துக்கொண்டார். யாரோ மறுசோறு வைத்துவிட்டுப் போனார்கள்.

செண்பகராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமா இவங்க வெளைய வச்சதைச் சாப்பிட்டிருக்கேன், அம்மா. இப்போ எதிர்லயே உட்கார்ந்திருக்கார். மனசுல இருக்கிறதைச் சொல்ற அளவுக்கு எனக்கு அவர் பாஷையும் தெரியாது, இங்கிலீஷும் வராது. எப்படி நன்றி சொல்றது?”

கோமதி அம்மை சாம்பார் வாளியை அவர் கையில் கொடுத்தார்.

“இலையைப் பாருங்க. வெறுஞ்சோறா இருக்கு.”