கறுப்புத் தாளில் பொத்திய புட்டி

"பொத்திப் பொத்தி வச்சேன். இப்படி மோசம் பண்ணிட்டியே!"

ஞானதுரை கண்ணாடிப் புட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை உதறிவிட்டு இந்த ஆய்வகத்தில் சேர்ந்தவர். குருவான முத்துச்செல்வி வயதில் அவருக்குத் தங்கை மாதிரி.

புட்டிக்குள் தூத்துக்குடி உப்பளத்துக் கிருமிகள். அவற்றின் தோலில் ஓர் ஊதா நிறமி. வெளிச்சம் பட்டால் அது வளையும். வளைந்து, உள்ளிருக்கும் அமிலத் துணுக்கு ஒன்றை வெளியே தள்ளிவிட்டு நிமிரும். சாப்பாடில்லாத நாளில் கிருமி பிழைத்துக் கிடப்பது அந்தத் தள்ளலால்தான்.

"கொஞ்சம் ஊத்தி எடுத்து விளக்கைப் போட்டும் அமில மீட்டர் சரியா ஏற மாட்டேங்குது," என்றார்.

"எதுக்குக் கறுப்புத் தாள்ல பொத்தி வச்சீங்க, அண்ணாச்சி?"

"வெளிச்சம் பட்டா வளையுதே, பாவம். சோதனை வரைக்கும் நிமிந்து நிம்மதியா இருக்கட்டும்னுதான்."

முத்துச்செல்வி அவரையே பார்த்தாள்.

அவர் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியும். மகள் பிளெஸ்ஸி காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் அவள் அறையை இழுத்துப் பூட்டினார். அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று மனைவி எஸ்தருக்கு உத்தரவு. எஸ்தர் மெல்ல மெல்ல எல்லாப் பேச்சையும் விட்டுவிட்டாள். இன்று சாயங்கால பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை.

"இருட்டுல நிமிந்தே இருக்கும்னா நினைச்சீங்க?"

"வளைக்க வெளிச்சம் இல்லியே."

"இருட்டுலயும் வளையும். பாதிக்குப் பாதி தானாவே வளைஞ்சு கிடக்கும்."

"வளைஞ்சா தள்ளணுமே?"

"தள்ளாது, அண்ணாச்சி. சும்மா வளைஞ்சு கிடக்கும்."

"அப்ப எதுக்கு வளையுது?"

"முதல்ல கொஞ்ச நேரம் வெயில்ல இருந்தாத்தான் நிமிந்து வேலைக்கு வரும்." அவள் தாளை உரித்தாள். ஜன்னலைத் திறந்து புட்டியை வெயிலில் வைத்தாள்.

இருவரும் காத்திருந்தார்கள். பிறகு சோதித்தபோது மீட்டர் விறுவிறுவென்று ஏறியது.

அவர் அதைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உப்பளத்துச் சாயங்கால வெயிலில் கண் கூசியது.

"எஸ்தர், பஸ் வந்திட்டா?"

"இன்னும் வரல."

போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம பிளெஸ்ஸிக்கு... அந்த மஞ்சக் கவுன், எந்தக் கடையில எடுத்தோம்?"

எஸ்தர் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே கடையின் பேரைச் சொன்னாள்.