கதிர்விழுங்கியும் சடையனின் எருமையும்

முதலில் தப்புச் செய்தவர் பூவரசங்குடித் தலைவர் அம்பலவாணர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை போகிற போக்கில் ராசா வருவார், பண்டிதர்கள் வருவார்கள், நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கிற சிரிப்பில் தப்புச் செய்தவர் யார் என்பது உங்களுக்கு மறந்துபோகும். எனக்கு மறக்காது.

நம் பக்கத்துக் குழம்பில் மிளகாய் விழாத காலம் அது. மிளகைத் தட்டிப் போட்டுத்தான் காரம் கண்டார்கள். அந்தக் காலத்தில் சேந்தன் என்று ஒரு ராசா இருந்தார். நல்ல ராசாதான். ஒரே ஒரு பைத்தியம், மிருகப் பைத்தியம். அரண்மனைச் சுவர்களில் சித்திரமாக யானையை எழுதினார், புலியை எழுதினார், கரடியை எழுதினார். ஒரு சுவரை மட்டும் வெள்ளையடித்துச் சும்மா விட்டிருந்தார். யாருமே பார்க்காத மிருகம் ஒன்று அகப்பட்டால் அதை அங்கே எழுத வேண்டுமாம்.

அவர் நாட்டில் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு வரி. காட்டு மிருகம் பயிரை அழித்துவிட்டால் அந்த வருஷம் வரி கிடையாது. ஆனால் அத்தாட்சி காட்ட வேண்டும். பன்றி என்றால் வாலைக் காட்டு. யானை என்றால் லத்தியைக் காட்டு. கிளி என்றால் இறகைக் காட்டு.

அந்த வருஷம் பூவரசங்குடியில் நல்ல விளைச்சல். ஊரில் பாதி நிலம் அம்பலவாணருடையது. நெல்லைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கொடுக்க மனசு வரவில்லை. எல்லாரையும் கூட்டி, நெல்லைப் பதுக்கச் சொல்லிவிட்டு, வரி அதிகாரி வந்தபோது வயலில் கதிர் இல்லாத வெறும் தாளைக் காட்டினார். மிருகம் தின்றுவிட்டது என்றார்.

அதிகாரி வால் கேட்டார். அதற்கு வாலே கிடையாது என்றார் அம்பலவாணர். லத்தி கேட்டார். கூச்சப்படுகிற மிருகம், மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் போகும் என்றார். இறகு கேட்டார். மிருகத்துக்கு இறகு ஏது ஐயா என்று அவரையே திருப்பிக் கேட்டார்.

அப்படி என்ன மிருகம் அது என்றார் அதிகாரி.

அம்பலவாணர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருத்தி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். காது முறம்போல இருக்கும் என்றார். ஒருத்தி உலக்கை பிடித்திருந்தாள். கால் உலக்கைபோல இருக்கும் என்றார். வேலி ஓரம் கருவேலம் நின்றது. முதுகெல்லாம் முள் என்றார். பெயர் கதிர்விழுங்கி என்றார்.

ஊரே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. அதிகாரியின் வண்டி மறைந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சடையனும் சிரித்தான். அவனுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது, அதற்கும் வரி இல்லாமல் போயிற்று.

சடையன் யார் என்று சொல்ல வேண்டும். அவன் எங்கள் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். அதனால் நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டேன். தப்பு அந்தப் பக்கம்தான்.

அதிகாரி ராசாவிடம் போய்ச் சொன்னார். ராசா எழுந்து போய் அந்த வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தார். உடனே மூன்று பண்டிதர்களைப் பூவரசங்குடிக்கு அனுப்பினார்.

முதலாமவர் தேடும் பண்டிதர், மிருகம் எங்கே என்று தேடுவார். இரண்டாமவர் ஆராயும் பண்டிதர், அகப்பட்டது என்ன என்று ஆராய்வார். மூன்றாமவர் மறுக்கும் பண்டிதர், அப்படி ஒரு மிருகம் இல்லவே இல்லை என்று நிரூபிப்பார். ராசா நியாயஸ்தர், உண்டு என்கிறவனுக்கும் இல்லை என்கிறவனுக்கும் ஒரே சம்பளம் கொடுத்தார். வேலை முடிகிறவரை சாப்பாடு மட்டும் ஊரார் பொறுப்பு.

மூன்று பண்டிதர், மூன்று சமையல்காரர், மூன்று யானை. பதுக்கிய நெல் குதிரிலிருந்து வெளியே வர ஆரம்பித்தது.

அம்பலவாணர் நம்பியது மறுக்கும் பண்டிதரை. தனியாகக் கூப்பிட்டு, சீக்கிரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

“எப்படி ஐயா சொல்வது?” என்றார் அவர். “கண்ணில் படவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியுமா? காட்டில் ஒவ்வொரு புதராகப் பார்க்க வேண்டும். ஒரு புதர் மிச்சம் இருந்தாலும் சொல்ல மாட்டேன். அதுவரை நெய்யை மட்டும் கொஞ்சம் தாராளமாக விடச் சொல்லுங்கள்.”

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு புதர் பார்ப்பார். சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு புதர் பார்ப்பார். நடுவில் தூங்குவார். காடோ பெரிய காடு.

அம்பலவாணர் தேடும் பண்டிதரிடம் போனார். மிருகம் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். தேடும் பண்டிதருக்கு ஆனந்தம். போகிற மிருகம் திரும்பி வரும், அடுத்த அறுவடைவரை காத்திருக்கலாம் என்று கொட்டகையைப் பெரிதாக்கச் சொன்னார். ஆராயும் பண்டிதரிடம் போனார். மிருகம் செத்துவிட்டதாகச் சொன்னார். அப்படியானால் எலும்பு இருக்கும், தோண்டுங்கள் என்றார் ஆராயும் பண்டிதர். ஊரார் வேலையை விட்டுவிட்டுக் கிழக்கே தோண்டினார்கள், மேற்கே தோண்டினார்கள், கடைசியில் அம்பலவாணரின் களத்தையே தோண்டினார்கள்.

இதற்குள் வரியாகக் கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகவே பண்டிதர்கள் தின்றிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று சிலர் முனகினார்கள். ஆனால் வரியில் பொய் சொன்னவனைக் கழுதைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர்வலம் விடுவது அந்த ராசாவின் சட்டம். அம்பலவாணருக்கு அந்தக் கழுதை கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்போதுதான் அவர் கண் சடையனின் எருமைமேல் விழுந்தது.

எருமைக்குக் கொம்பி என்று பெயர். சடையன் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கொம்பியால்தான். மோரை விற்று உப்பு, நெய்யை விற்றுத் துணி. அப்போது சினையாக வேறு இருந்தது, அப்படியும் ஒரு வேளைப் பால் குறையவில்லை.

“ஏலே சடையா, ஊர் மானம் உன் கையில் இருக்கிறது” என்றார் அம்பலவாணர். “கதிர்விழுங்கியாக உன் எருமையைக் கொடு. இதைவிட நல்ல எருமையாக, கன்றோடு உனக்கு நான் தருகிறேன். இது ஊர் அறியச் சொல்லும் சொல்.”

ஊரே சுற்றி நின்று பார்த்தது. சடையன் தலையாட்டினான்.

வீட்டில் அவன் பெண்டாட்டி வெள்ளையம்மா கேட்டாள்: “எருமையை நீங்கள் இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்தீர்களா, இல்லை எருமை உங்களை இழுத்துக்கொண்டு போனதா? யாருக்கு அறிவு அதிகம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.”

சடையன் எழுந்து போய் வெறும் தொழுவத்தைக் கூட்டினான்.

கொம்பிக்குக் காதில் முறம் கட்டினார்கள். காலில் வைக்கோலைச் சுற்றி உலக்கை ஆக்கினார்கள். முதுகில் பசையைத் தடவி முள்ளை ஒட்டினார்கள். வாலை மடித்துக் கட்டினார்கள். கொம்பி தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

தேடும் பண்டிதர் பார்த்ததும் தரையில் விழுந்து கும்பிட்டார். ஆராயும் பண்டிதர் மூக்கிலிருந்து பின்புறம்வரை கயிறு போட்டு அளந்தார். மறுக்கும் பண்டிதர் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

“இது எருமை” என்றார்.

அம்பலவாணருக்கு வேர்த்துவிட்டது. சடையனுக்கு உயிர் வந்தது. ஆமாம் சாமி, எருமைதான், என் எருமைதான் என்று முன்னால் வந்து, “கொம்பி” என்று கூப்பிட்டான். எருமை வந்து அவன் தோளை நக்கிற்று.

ஆராயும் பண்டிதர் வியந்து போனார். பிடிபட்ட உடனேயே மனிதன் வைத்த பெயரைப் புரிந்துகொள்கிறதே என்றார். சடையன் பால் கறந்து காட்டினான். குடித்துப் பார்த்து, எருமைப் பால்போலவே இருக்கிறது என்றார். அது ‘ம்மே’ என்று கத்திற்று. எருமைபோலவே கத்துகிறது என்றார். எருமைக் கூட்டத்தில் ஒளிந்து வாழ்வதற்காக அத்தனையும் கற்றுக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை என்று முடித்தார்.

மறுக்கும் பண்டிதர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அம்பலவாணர் அவர் காதில் மெதுவாக, நெய் தீர்ந்துவிட்டது, நாளையிலிருந்து கேழ்வரகுக் கூழ்தான் என்றார். பண்டிதர் இன்னொரு முறை சுற்றி வந்தார். எருமை இல்லை என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது என்றார்.

கொம்பி தலைநகரத்துக்குப் போயிற்று. அங்கே கன்று போட்டது. ராசா கன்றுக்குத் தங்க மணி கட்டினார். வெள்ளைச் சுவரில் கதிர்விழுங்கி ஏறிற்று, முறமும் முள்ளுமாக. தேடிய பண்டிதருக்குப் பல்லக்கு, ஆராய்ந்த பண்டிதருக்குப் பட்டம். மறுத்த பண்டிதரைக் கதிர்விழுங்கிக்குக் காவலராகவே போட்டார்கள்.

சடையன் அம்பலவாணர் வீட்டு வாசலில் நின்றான். எருமை கேட்டான். தருகிறேன் என்றார். மறுபடி கேட்டான். நல்லதாகப் பார்க்கிறேன் என்றார். மறுபடி கேட்டான். நல்ல எருமைக்கு அவசரப்படலாமா என்றார். வெள்ளையம்மா பக்கத்து வீட்டில் மோர் வாங்கிக் கூழ் கரைத்தாள்.

அடுத்த அறுவடை வந்தது. அரண்மனைக்கு ஒரு மணி நெல்கூட வரவில்லை. வடக்கே இருந்த ஊரைக் கதிர்விழுங்கி தின்றுவிட்டதாம். தெற்கே இருந்த ஊரையும் தின்றுவிட்டதாம். கடலோரத்தில் உப்பளத்தையும் தின்றுவிட்டதாம். எந்த ஊரிலும் வால் இல்லை, லத்தி இல்லை, இறகு இல்லை.

படைவீரர்களுக்குக் கஞ்சி ஊற்ற நெல் இல்லாதபோது ராசாவின் பைத்தியம் தெளிந்தது. சபையைக் கூட்டினார். இப்படி ஒரு மிருகம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா என்று கேட்டார். மறுக்கும் பண்டிதரைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவர் எழுந்தார். “மகாராசா, உண்டு. நான் தினமும் அதற்குப் புல் போடுகிறேன். என் உத்தியோகமே அதுதான்” என்றார்.

அரண்மனை வாசலில் சடையன் நின்றுகொண்டிருந்தான். எருமையைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று வந்தவன், ராசாவின் கேள்வி காதில் விழுந்ததும் சேவகர் காலைப் பிடித்து உள்ளே நுழைந்தான். வேறு ஒன்றும் பேசவில்லை. கொம்பியை அவிழ்த்துக்கொண்டு போய் அரண்மனைக் குளத்தில் இறக்கினான். முறம் மிதந்தது. வைக்கோல் மிதந்தது. முள் மிதந்தது. தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு கொம்பி சுகமாகக் கிடந்தது. எருமை வேறு எப்படிக் கிடக்கும்?

குளக்கரைக்கு வந்து பார்த்த ராசா, “எருமைதான்” என்றார். இப்போது பண்டிதர்கள் மூவரும் அப்படியே என்றார்கள்.

எல்லா ஊரும் வரி கட்டியது. அம்பலவாணர் கழுதைமேல் பின்பக்கம் பார்த்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வந்தார். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் நிம்மதி. கொஞ்சம்தான்.

சடையன் கொம்பியின் கயிற்றைப் பிடித்தான். சேவகர் தடுத்தார்கள். காணிக்கையாக வந்தது திரும்பிப் போகாது, அதன் தயிருக்கு மகாராணி பழகிவிட்டார் என்றார்கள். ராசாவிடம் முறையிட்டான். பதிலுக்கு எருமை தருவதாக வாக்குக் கொடுத்தவரைக் கேள், அது உங்கள் ஊர்ப் பேச்சு என்று சொல்லிவிட்டு ராசா உள்ளே போய்விட்டார்.

சடையன் கழுதை நின்ற இடத்துக்கு ஓடினான். அம்பலவாணர் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, என் எருமை.”

“எந்த எருமை?” என்றார் அம்பலவாணர். “கதிர்விழுங்கியைக் கொடு, எருமை தருகிறேன் என்றேன். நீ கதிர்விழுங்கியா கொடுத்தாய்? அது வெறும் எருமை என்று ராசா முன்னால் நிரூபித்தவனே நீதானே சடையா.”

சடையன் வெறுங்கையோடு வீடு வந்தான். வெள்ளையம்மா அன்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஆகையால், பெரியோர்களே, பிள்ளைகளே, இல்லாத மிருகத்தை ஒருவன் உண்டாக்கினால் அது தின்பது உங்கள் வீட்டு மிருகத்தைத்தான், அதனால் அது பிறந்த நாளிலேயே சிரிக்காமல் பொய் என்று சொல்லிவிட வேண்டும்.

அம்பலவாணரின் வம்சம் பூவரசங்குடியில் இன்றும் இருக்கிறது. தொழுவத்தில் எருமைகளும் இருக்கின்றன. அதில் எங்களுக்கு வர வேண்டியது ஒன்று, கன்றோடு.