ராஜாவின் இதயம் எந்த மண்டபத்தில்?

வெகு காலத்துக்கு முன்னால், மழை கேட்ட நேரத்துக்குப் பெய்துகொண்டிருந்த நாளில், பவளக்காடு என்னும் தேசத்தை விசயவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் யானைக்குக் குடை பிடிக்கச் சொல்வார், மறுநாள் மயிலுக்குப் பல்லக்கு கேட்பார்.

அப்படி வந்த ஆசைகளில் ஒன்றுதான் வைத்தியசாலை. தாமரைக் குளத்தைச் சுற்றி வரிசையாக மண்டபங்கள் எழும்பின. இதயத்துக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று, இரைப்பைக்கு ஒன்று, மூட்டுக்கு, ரத்தத்துக்கு என்று தனித்தனி. ஒவ்வொன்றிலும் ஒரு வைத்தியர், அவருக்குப் பின்னால் ஒரு சீடர் கூட்டம். எல்லாருக்கும் மேலே தலைமை வைத்தியர் திருமேனிநாதர். "ஒரு மண்டபத்தார் இன்னொரு மண்டபத்து உறுப்பைத் தொடக்கூடாது" என்று சட்டம் போட்டவர் அவர்தான். பெரிய படிப்பாளி. ராஜா எதற்கெடுத்தாலும் அமைச்சர் வெண்காடரைக் கூப்பிட்டு யோசனை கேட்பது மட்டும் அவருக்குப் பொறுக்காது.

தினமும் காலையில், குளத்தின் மேல் பனி கலையுமுன், ராஜா மண்டபம் மண்டபமாகப் போவார். "இதயம் எப்படி, பிரபு?" என்பார் ஒருவர். "இரைப்பை எப்படி?" என்பார் அடுத்தவர். "முழங்கால் எப்படி?" என்பார் அதற்கும் அடுத்தவர். கேட்டுக்கேட்டு ராஜா தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி ஆகிவிட்டார்.

ஒரு விடியற்காலையில் அவருக்குக் கனவு வந்தது. அவருடைய இதயம் சின்னச் சிவப்பு விளக்காகிக் குளத்தின் மேல் மிதந்து தன் மண்டபத்துக்குப் போயிற்று. நுரையீரல் இரண்டும் புறாக்களாகி ஜன்னல் வழியே பறந்தன. மூட்டுகள் சலங்கை கட்டிக்கொண்டு படி இறங்கின. கடைசியில் கட்டிலில் பட்டு வேட்டி மட்டும் மிஞ்சிக் கிடந்தது.

விழித்த பிறகும் கனவு விடவில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தால், "என் இரைப்பை இங்கே இல்லை. அதன் மண்டபத்துக்கு அனுப்பு" என்றார். ராணி கண்ணீர் விட்டாள். "இதயமும் இங்கே இல்லையே, தேவி. அங்கே போய் அழு" என்றார்.

திருமேனிநாதருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "உண்மைதான், பிரபு! தங்கள் இதயம் என் பொறுப்பில், வெள்ளிப் பேழைக்குள் பத்திரமாக இருக்கிறது" என்று ஒரே போடாகப் போட்டார். மற்ற வைத்தியர்களும் தலையாட்டினார்கள். ராஜ போஜனம் நாள்தோறும் போய் இறங்க, இரைப்பை வைத்தியருக்குத் தொந்தி விழுந்தது. ராஜாவுக்கோ கிரீடம் மூக்குவரை இறங்கியது.

வெண்காடருக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தக் குளத்தில் ராஜாவும் அவரும் ஒன்றாக நீச்சல் பழகியவர்கள். இப்படியே போனால் ராஜா பிழைக்கமாட்டார் என்று அவருக்குத் தெரிந்தது.

"பிரபு, எல்லா உறுப்பும் தங்களிடமேதான் இருக்கின்றன" என்று மன்றாடிப் பார்த்தார்.

"தலைமை வைத்தியர் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார், நீர் இல்லை என்கிறீர். இன்னொரு தடவை சொன்னால் நாடு கடத்திவிடுவேன்!" என்றார் ராஜா.

மறுநாள் சபை கூடியது. வெண்காடர் எழுந்து கும்பிட்டார். "பிரபு, தப்பு என்மேல்தான். உறுப்புகள் மண்டபங்களில்தான் இருக்கின்றன."

திருமேனிநாதர் மீசையை நீவிக்கொண்டார்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்று தொடர்ந்தார் வெண்காடர். "அவற்றைத் தாங்களாகத்தான் கொடுத்தீர்களா?"

"இல்லை. தூங்கும்போது போய்விட்டன."

"ஒருவர் தூங்கும்போது அவர் பொருள் இன்னொருவர் பேழைக்குப் போனால், நம் ஊரில் அதற்கு என்ன பேர்?"

ராஜாவின் கண் பாதி திறந்தது. "திருட்டு."

"அதற்குத் தண்டனை?"

"யானையின் காலடி."

வெளியே குடை நிழலில் நின்ற யானை ஒரு பிளிறு பிளிறியது. தலைமை வைத்தியருக்குக் குப்பென்று வியர்த்தது. காவலர்கள் ஓடிப்போய்ப் பேழையைக் கொண்டுவந்து திறந்தார்கள். உள்ளே கொஞ்சம் பஞ்சு இருந்தது.

"அடடா, ராஜாவின் இதயத்தைத் தொலைத்தே விட்டீரா?" என்றார் வெண்காடர்.

திருமேனிநாதர் தடாலென்று காலில் விழுந்தார். "பிரபு! அது என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை! தங்கள் மார்புக்குள்ளேதான் இருக்கிறது. இதோ!" என்று ராஜாவின் கையை எடுத்து அவர் மார்பிலேயே வைத்தார். லப்டப் என்று அடித்தது. மற்றவர்களும் உயிர்பிழைத்தால் போதுமென்று ஓடிவந்தார்கள். "மூச்சு விடுங்கள், பிரபு, நுரையீரல் இதோ!" என்றார் ஒருவர். மூட்டு வைத்தியர் முழங்காலை மடக்கிக் காட்டினார். யார் எதைத் தொடலாம் என்ற சட்டம் ஒருவருக்கும் நினைவில்லை. இரைப்பை வைத்தியர் வாய் திறக்குமுன் ராஜாவின் வயிறே கடகடவென்று இரைந்தது. சபை முழுக்கக் கேட்டது.

ராஜா சிரித்தார். பல நாளுக்குப் பிறகு சிரித்தார். ராணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"யானை போகட்டும்" என்றார் ராஜா. "மண்டபங்களும் இருக்கட்டும். இதயம் தெரிந்தவர் இதயத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் நோயாளி இனி வாசல் வாசலாக ஏற வேண்டாம். குளக்கரையில் ஒரு கட்டில் போடுங்கள், நீங்கள் எல்லாரும் அங்கே வாருங்கள். திருமேனிநாதரே, முகப்பில் நின்று வருகிறவர்களை 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று நீர் முதலில் கேட்கவேண்டும். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது."

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடர் கழுத்தில் போட்டார். "ஆனாலும், நான் எங்கே போயிருந்தேன், அமைச்சரே?"

"ஆளுக்கொரு உறுப்பை விசாரித்தார்கள், பிரபு. தங்களை யாரும் விசாரிக்கவில்லை. நானும்தான். காலையில் வந்தால் எல்லைச் சண்டையைக் கேட்பேன், ஏரிக்கரையைக் கேட்பேன். அது என் தப்பு. இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?"

ராஜா தன் மார்பில் மறுபடி கை வைத்துப் பார்த்தார். வெளியே குளத்தின் மேல் பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, ஒவ்வொரு தாமரையாகத் தெரிந்தது.

"பசிக்கிறது" என்றார். "உட்காரும், சேர்ந்து சாப்பிடுவோம்."