குதிரைக்கு அரிப்பு, மந்திரிக்கு ஆசை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லவில்லை. அதை ஆண்ட வீரகம்பீர மகாராஜாவுக்குக் குடிகளின் குறையெல்லாம் மதியத் தூக்கத்துக்குப் பிறகுதான். ஆனால் அவருடைய வெள்ளைக் குதிரை வாயுராசன் ஒரு தும்மல் போட்டால் போதும், சபையே கலைந்துவிடும்.

அரசருக்குக் குதிரைமேல் உயிர் என்று தெரிந்ததும் சபையில் எல்லோருக்கும் அதன்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. மந்திரி திருவேங்கடம் தன் வயலில் விளைந்த கொள்ளை வேகவைத்து அனுப்பினார். அரண்மனை வைத்தியர் லேகியம் உருட்டி ஊட்டினார். விகடகவி பிச்சாண்டி போகிற போக்கில் ஒரு கரும்புத் துண்டை நீட்டுவான். அரசரோ தம் காலைப் பலகாரமான கோதுமை அல்வாவில் பாதியைத் தம் கையாலேயே அதற்கு ஊட்டுவார். இத்தனை பாசத்தையும் அந்த வாயில்லா ஜீவன் தின்று தீர்க்க வேண்டியிருந்தது.

ஒருநாள் அதன் கழுத்திலும் விலாவிலும் பணியாரம் பணியாரமாகத் தடித்துவிட்டது. அரிப்புத் தாங்காமல் தூணில் உரசி உரசித் தோல் உரிந்து போயிற்று. பார்த்த பிச்சாண்டிக்கு மனசு கேட்கவில்லை. வைத்தியர் கிரகக் கோளாறு என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பிச்சாண்டியின் கேலியால் பலநாள் புழுங்கிக்கொண்டிருந்த மந்திரிக்குத்தான் நல்ல யோசனை தோன்றியது. தீனியில் யாரோ வஞ்சனை செய்கிறார்கள், கரும்பு நீட்டும் கையை யாருமே கவனிப்பதில்லை என்று அரசர் காதில் ஓதினார்.

அரசர் கொதித்தெழுந்தார். "எந்தக் கை கொடுத்த தீனியால் என் குதிரை தடித்ததோ, அந்தக் கையை வெட்டுங்கள். அது எந்தக் கை என்று வாயுராசனே காட்ட வேண்டும். பிச்சாண்டி, அடுத்த பௌர்ணமிக்குள் நீ அதைக் காட்ட வைக்காவிட்டால் உன் கை போகும்."

"எவர் கையானாலுமா, மகாராஜா?" என்று கேட்டான் பிச்சாண்டி.

"எவர் கையானாலும்."

வெட்டும் பாக்கியம் தனக்கே வேண்டும் என்று மந்திரி கும்பிட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். ராஜ்ய காரியத்தில் அவர் இவ்வளவு சுறுசுறுப்பு காட்டி யாரும் பார்த்ததில்லை. பிச்சாண்டி தன் வலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அந்தக் கையால்தான் அவன் பாட்டும் எழுதினான், சோறும் தின்றான்.

மறுநாளே லாயத்துக் கதவில் நின்றுகொண்டு எல்லோருடைய தீனியையும் நிறுத்தினான். குதிரைக்கு வெறும் புல், வெறும் தண்ணீர். அல்வாவோடு வந்த அரசரையும் மடக்கி, பெரியவர்களுக்குக் கடைசி முறைதான் மரியாதை என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். குதிரையைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறான் என்று மந்திரி ஊரெல்லாம் சொன்னார். குதிரைக்கு மட்டும் அது தெரியவில்லை. நாளாக ஆகத் தடிப்பு அமுங்கி, தோல் பளபளத்தது.

பிறகு ஒவ்வொரு தீனியாகத் திரும்பக் கொடுத்து, நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தான். மந்திரியின் கொள்ளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைத்தியரின் லேகியத்துக்கும் ஆகவில்லை, அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கரும்பு கொடுத்த நாட்களில் மந்திரி லாயத்திலேயே குடியிருந்து, குதிரையின் விலாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கொசுக்கடி கூட எழும்பாததில் அவருக்குத் தாங்க முடியாத துக்கம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அரசர் முறை வந்தது. ஆசை தீர அல்வா ஊட்டினார். பொழுது சாய்வதற்குள் கழுத்திலிருந்து விலாவரை தடித்துவிட்டது.

மறுநாள் குதிரையைச் சபைக்கே பிடித்துவந்தான் பிச்சாண்டி. "வாயுராசன் காட்டிவிட்டான், மகாராஜா. மந்திரியார் வாளோடு வரலாம்."

மந்திரி கையிலிருந்த வாள் தரையில் விழுந்தது. சட்டம் என்பதெல்லாம் சின்னக் கைகளுக்குத்தான் என்றும், அல்வா உத்தமமான பண்டம் என்றும், குதிரைதான் நன்றி கெட்டது என்றும் உளறினார். அரசர் அவரைக் கவனிக்கவில்லை. தடித்த கழுத்தைத் தடவியபோது அவர் கண் கலங்கியது. தம் பிரியமே அதை இந்தப் பாடு படுத்தியிருக்கிறதே என்று நொந்துபோனார்.

"பிச்சாண்டி, சபையில் சொன்ன சொல்லும் பிழைக்க வேண்டும், என் கையும் பிழைக்க வேண்டும். வழி சொல்."

"ஆணையில் கையை வெட்டச் சொல்லியிருக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு என்று சொல்லவில்லை. நகமும் கையில்தானே இருக்கிறது, மகாராஜா?"

ஆகவே மந்திரி மண்டியிட்டு, அந்தப் பெரிய வாளின் நுனியால், வியர்த்து விறுவிறுத்து, அரசரின் சுண்டுவிரல் நகத்தை வெட்டினார். அவர் படும் பாட்டைப் பார்த்து அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. குதிரைக்கு இனி அல்வா கிடையாது, அந்தப் பங்கு பிச்சாண்டிக்கு என்றார். கூடவே ஒரு தங்கக் காப்பும் கொண்டுவரச் சொன்னார். மந்திரி இத்தனை நாளாகக் குறிவைத்திருந்த கையைப் பிச்சாண்டி பணிவோடு நீட்ட, அரசர் உத்தரவுப்படி மந்திரியே அதில் காப்பைப் பூட்டினார்.