பூசணிக்காய்க்குச் சவரம்

மகுடபூபதி ராஜாவுக்கு வாள் வீசத் தெரியும், யானை ஏறத் தெரியும். சும்மா இருக்க மட்டும் தெரியாது. சண்டையே வராத ஒரு வருஷத்தில், அவருக்குச் சவரக்கத்தி தீட்டும் ஆசை வந்துவிட்டது.

யாரோ ஒரு வியாபாரி வழவழப்பான தீட்டுக்கல் ஒன்றைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனான். அவன் தன் வழியே போய்விட்டான். வினை அரண்மனையில் தங்கிவிட்டது. விடிந்ததும் ராஜா முற்றத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். கல்லில் தண்ணீர் தெளித்து, சரக் சரக்கென்று கத்தியைத் தீட்டுவார். ராணி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

தீட்டிய கத்தியைச் சோதிக்க வேண்டாமா? அதற்குத்தான் சபையில் இத்தனை தாடைகள் இருக்கின்றனவே! தினம் ஒருவருக்கு அந்தக் கத்தியால் சவரம் செய்யும்படி அரண்மனை நாவிதர் வைரவனுக்கு உத்தரவு போட்டார்.

முதலில் மாட்டியவர் தளவாய் அனந்தப்பன். ராஜாவின் படைத்தலைவர். எந்தப் போரிலும் காயம் படாதவர் அன்றைக்குத் தாடையில் மூன்று இடத்தில் மஞ்சள் பற்றோடு சபைக்கு வந்தார்.

"கத்தி எப்படி, தளவாய்?"

"ஆஹா! பன்னீர் தெளித்த மாதிரி குளுகுளு என்று இருக்கிறது, மகாராஜா!"

மறுநாள் பிரதானி வந்தார். அவருக்கும் குளுகுளு. புலவருக்கும் குளுகுளு. ஒரு வாரத்தில் சபை முழுக்க மஞ்சள் பற்று.

ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் தன் மேல் வரவில்லை. வைரவனைக் கூப்பிட்டார்.

"கத்தி குளுகுளு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் ரத்தம் உன் கையால்தான் வருகிறது. நாளை என் பிறந்தநாள். இதே கத்தியால் சபையில் எனக்குச் சவரம் செய். ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் நீ குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்."

புகழ்ந்தது அவர்கள், மாட்டிக்கொண்டது வைரவன். அவன் நேரே விகடகவி பூவராகனின் வீட்டுக்கு ஓடினான்.

"ஐயா, அவரு சவரக்கத்தியை வாள் தீட்டுற மாதிரி தூக்கிப் பிடிச்சு அழுத்தித் தேய்க்கிறாரு. சவரக்கத்தி கல்லுல படுத்துக் கிடக்கணும். முதுகும் வாயும் ஒண்ணாப் படணும். பூப்போல இழுக்கணும். இதை யாரு போய் அவருகிட்டச் சொல்றது?"

"நைசா உன் கத்தியை மாத்திடேன்."

"கைப்பிடியில அவரே புலி செதுக்கி வச்சிருக்காரு ஐயா! அப்படியே மாத்தினாலும், தான் தீட்டின கத்தி பிரமாதம்னு ஊருக்கே கத்தி தீட்ட ஆரம்பிச்சிடுவாரே!"

பூவராகன் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நாளை மறுநாள் அவன் முறை.

"நீ முதல்லே தொழில் பழகினது யார் மூஞ்சியிலே?"

"மூஞ்சியா? மூஞ்சியை யாரு குடுப்பா? எங்க வீட்டுல எல்லாரும் பூசணிப் பிஞ்சுலதான் பழகுவோம். மேல பூனைமுடி மாதிரி இருக்கிற சுணை போகணும், தோலு கீறக் கூடாது."

"பலே! ஒரு பிஞ்சைப் பறிச்சுக்கிட்டு வா. உன் கத்தியையும் நல்லாத் தீட்டிக் கொண்டுவா."

மறுநாள் சபை கூடியது. ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டுத் திண்டு. அதன் மேல் தலைப்பாகை கட்டி, பொட்டு வைத்து, ஒரு சாம்பல் பூசணிப் பிஞ்சு.

"இது என்ன கூத்து, பூவராகா?"

"பிறந்தநாள் விருந்தாளி, மகாராஜா. பரம்பரை பரம்பரையாக நாவிதர் வீட்டில் கத்திக்குச் சான்று கொடுப்பது இவர் குடும்பம்தான். மகாராஜா தீட்டிய கத்திக்கும் இவர் சான்று கொடுத்துவிட்டால், ஊரே வாயை மூடிக்கொள்ளும். ஆனால் வைரவன் கையை நம்ப முடியாது. தங்கள் திருக்கையாலேயே ஆகட்டும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. புலிக் கத்தியை எடுத்து, பூசணியின் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். சுணை அப்படியே நின்றது. தோல் உரிந்தது. கீறலில் நீர் முத்து முத்தாகக் கசிந்தது.

"என் கைக்குப் பழக்கம் இல்லையோ என்னவோ" என்றார் ராஜா, சுருதி குறைந்து.

"அப்படித்தான் இருக்கும். அதே கையால் வைரவன் கத்தியையும் ஒரு தடவை பாருங்கள்."

பார்த்தார். சுணை சுத்தமாகப் போனது. தோல் பச்சைப் பசேலென்று கீறல் இல்லாமல் இருந்தது. கை ஒன்றுதான், காயும் ஒன்றுதான். ராஜா இரண்டு கத்திகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். அத்தனை பேரும் தாடையை மறைத்துக்கொண்டார்கள்.

"இதற்குக் கசிகிறதே! உங்களுக்கு மட்டும் எப்படி ஐயா குளுகுளு என்று இருந்தது?"

ராஜாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நல்ல மனுஷர். எழுந்து போய் வைரவனின் தோளைத் தொட்டார்.

"நீ எங்கேயும் போக வேண்டாம். நாளையிலிருந்து எனக்குத் தீட்டக் கற்றுக்கொடு. இனி என் கத்திக்கு என் தாடைதான் சோதனை."

தோளில் கிடந்த சரிகைப் பட்டை எடுத்துப் பூவராகனுக்குப் போர்த்தினார். பிறகு தளவாய் பக்கம் திரும்பினார்.

"எழுந்திரும் ஓய்! உம்முடைய ஆசனத்தில் இந்தப் பூசணிக்காய் உட்காரட்டும். இந்தச் சபையில் என்னிடம் உண்மையைச் சொன்னது இது ஒன்றுதான்."

தளவாய் பாதி எழுந்துவிட்டார். பூவராகன் பாய்ந்து போய்ப் பூசணியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! நல்ல காய், கெட்டுப்போகும். அந்த ஆசனத்தில் நாலு நாள் உட்கார்ந்தால், இதுவும் 'ஆஹா, குளுகுளு' என்று சொல்ல ஆரம்பித்துவிடும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. தளவாய் மட்டும், தாடைப் பற்று வெடித்துவிடாமல், அளவாகச் சிரித்தார்.