கருநாக்குச் செடியின் வேர்

மிக முற்காலத்தில், ஒரு பங்குனி மாதத்தில், பொழுது விடிந்து நான்கு நாழிகை ஆகியிருந்தது. இரவெல்லாம் பெய்த மழை நின்று வானம் வெளுத்திருந்தது. கேட்போரே, அந்த வேளையில்தான் பூவாயியின் தம்பி மருதன் முழங்கால்வரை செடியானான்.

செய்த குற்றம் சிறிதுதான். வயலில் களையாகப் பிடுங்கிய கருநாக்குச் செடியை வரப்புக்கு அப்பால் எறிந்தான். அவ்வூரில் எல்லோரும் அப்படித்தான் எறிவார்கள். எறிந்தவை உருண்டு அடிவாரத்து மந்திரவாதியின் மூலிகைத் தோட்டத்தை மூடின, மந்திரவாதி மருதனைச் சபித்துவிட்டான். பூவாயி அவன் வாசலில் விழுந்து மன்றாடினாள்.

"இச்செடிக்கெல்லாம் வேர் ஒன்றே. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் அதைப் பிடுங்கி எரித்தால் உன் தம்பி மீள்வான்" என்றான் அவன்.

முதல் நாள் தன் வயலைத் தோண்டினாள். நாக்குப் போன்ற இலைகள் அசைந்து, "என் வேர் இங்கில்லை" என்றன. மருதன் இடுப்புவரை செடியானான்.

இரண்டாம் நாள் பக்கத்து வயல் சாத்தப்பரிடம் போனாள். உன் தம்பி எறிந்ததைத்தானே நான் திருப்பி எறிந்தேன் என்று அவர் ஏளனம் செய்தார், ஆனாலும் தோண்டவிட்டார். இலைகள், "என் வேர் இங்கில்லை" என்றன. மருதன் மார்புவரை செடியானான்.

மூன்றாம் நாள் அரசரின் மேய்ச்சல் நிலத்துக்குப் போனாள். அரசாணையின்றி அங்கே ஒரு புல்லையும் தொடக்கூடாது என்று காவலன் உறங்காப்புலி தடுத்தான்.

"களை மட்டும் அரசாணை கேட்டா வந்தது, ஐயா?"

அவன் ஈட்டியை விலக்கி வழிவிட்டான். அங்கும் இலைகள், "என் வேர் இங்கில்லை" என்றன. மருதனின் கழுத்துவரை இலை ஏறியிருந்தது.

மூன்று நிலங்களும் கூடுமிடத்தில் ஒரு வரப்பு இருந்தது. அதை மூன்று நிலத்தாரும் தமதில்லை என்று விட்டிருந்தார்கள். பூவாயி அங்கே தோண்டினாள். தூண்போன்ற வேர் தென்பட்டது. ஒருத்தி இழுக்க அது அசையவில்லை. பின்னால் வேடிக்கை பார்த்து நின்ற சாத்தப்பரையும் உறங்காப்புலியையும் நோக்கி அவள் திரும்பினாள்.

"எறியச் சொன்னவள் நான், சாத்தப்பரே. தம்பி என் சொல்லைத்தான் கேட்டான்."

 சாத்தப்பர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேரைப் பிடித்தார். உறங்காப்புலியும் ஈட்டியை வைத்துவிட்டு வந்தான். மூவரும் இழுத்தார்கள், வேர் வந்தது. ஒரு விதையும் சிந்தாமல் ஏந்திச் சென்று குழியிலிட்டு எரித்தார்கள். கடைசிக் கதிர் மறையுமுன் மருதன் ஈரமண்ணில் கால் ஊன்றி நின்றான்.

மறுநாள் காலையில் சாத்தப்பர் தம் வயலோரத்தில் எரிகுழி ஒன்று வெட்டினார். களை எடுக்க வருவோருக்காக உறங்காப்புலி மேய்ச்சல் நிலத்தின் முள்வேலியில் ஒரு வாசல் திறந்தான். மந்திரவாதி மூலிகை விதை முடிச்சொன்றைப் பூவாயியின் வாசலில் வைத்துவிட்டுப் போனான். இன்னும் நடக்கத் தளர்ந்திருந்த மருதன் வரப்பில் அமர்ந்து, முன்பே சிந்திய விதைகளிலிருந்து புதிதாய் முளைத்த கருநாக்குக் கன்றுகளைக் கிள்ளாமல் ஒவ்வொன்றாக வேரோடு எடுத்தான். பூவாயி அருகே அமர்ந்து கூடையை நீட்டிப் பிடித்திருந்தாள்.